24 புள்ளிகள்

உயர்தர வகுப்பில் லூயிஸ் கட்டமைப்பு, அதாவது அணுக்களின் வெளியோட்டு இலத்திரன்களைப் புள்ளிகளாகக் காட்டும் படம், கீற முன்னம் சேர் பலகையின் மூலையில் அந்தப் புள்ளிகளின் மொத்த எண்ணை எழுதி வட்டம் போடுவார். நைத்திரேற்று அயனுக்கு அது 24. வட்டத்தைக் கடைசிவரை அழிக்கமாட்டார்.

நைதரசனின் வெளியோட்டில் 5, மூன்று ஒட்சிசனுக்கும் 18, மறையேற்றத்துக்கு 1. அமோனியம் என்றால் நைதரசனின் 5உம் நாலு ஐதரசனின் 4உம் கூட்டி ஒன்றைக் கழிக்கவேண்டும், 8. நேர்க்குறியைக் கண்டதும் கூட்டிப் பழகிய கை 10 என்று எழுதும். வகுப்பில் அரைவாசிப் பேர் அங்கேதான் விழுந்தோம்.

உள்ளோட்டை ஏன் எண்ணுவதில்லை என்பதற்கு அவர் காட்டியது சோடியம். முதல் இலத்திரனைக் கழற்ற மூலுக்கு 496 கிலோயூல் போதும், உள்ளோட்டிலிருந்து வரும் இரண்டாவதுக்கு 4562. பிணைப்பில் கிடைக்கும் சக்தி அந்தச் செலவுக்குக் காணாது.

இனி நைத்திரேற்று. மின்னெதிர்த்தன்மை (பிணைப்பு இலத்திரனைத் தன்பக்கம் இழுக்கும் வலு) குறைந்த நைதரசன் நடுவில். மூன்று ஒற்றைப் பிணைப்புக்கு 6 போக மிச்சம் 18. ஒட்சிசன் ஒவ்வொன்றுக்கும் மூன்று தனிச்சோடி (பிணைப்பில் சேராத இலத்திரன் சோடி) வைத்தால் கை வெறுமை. நைதரசனைச் சுற்றியோ எட்டு வேண்டிய இடத்தில் ஆறுதான் நிற்கும். இந்த இடத்தில் புதுசாக இரண்டு புள்ளி குத்துவதுதான் பெரிய களவு: மொத்தம் 26 ஆகிவிடும். ஒரு ஒட்சிசனின் தனிச்சோடியை இழுத்து இரட்டைப் பிணைப்பாக்கவேண்டும். வட்டத்துக்குள் இருக்கும் 24 அப்படியே இருக்கும்.

ஆர்வக்கோளாறில் இரண்டு இரட்டைப் பிணைப்புப் போடுபவர்களும் உண்டு. அப்போது நைதரசனைச் சுற்றி 10. இரண்டாம் ஓட்டில் ஒரு 2எஸ், மூன்று 2பி, ஆக ஒவ்வொன்றும் இரண்டு இலத்திரன் கொள்ளும் நாலே நாலு ஒபிற்றல். எட்டுக்கு மேல் இடமில்லை. சல்பர் அறுபுளோரைட்டில் சல்பரைச் சுற்றி 12 எழுதுகிறோமே என்றால், அந்தச் சலுகை மூன்றாம் ஆவர்த்தனத்திலிருந்துதான்.

முடிவில் ஒவ்வொரு அணுவுக்கும் ஏற்றக் கணக்கு. அணுவின் வலுவளவு இலத்திரன்களிலிருந்து தனிச்சோடி இலத்திரன்களையும் பிணைப்புகளின் எண்ணிக்கையையும் கழிக்கவேண்டும். நைதரசன் 5 – 0 – 4 = +1. ஒற்றைப் பிணைப்பு ஒட்சிசன் 6 – 6 – 1 = –1, அப்படி இரண்டு. மற்றது 6 – 4 – 2 = 0. கூட்டினால் –1, அயனின் ஏற்றமேதான்.

இரட்டைப் பிணைப்பு மூன்று ஒட்சிசனுக்கும் மாறி மாறித் தாவுகிறது என்று விடைத்தாளில் எழுதினால் புள்ளி போய்விடும். ஒன்றும் தாவுவதில்லை. மூன்று பிணைப்பும் எப்போதும் ஒரே நீளம், ஏறத்தாழ 124 பிக்கோமீற்றர். பரிவு, அதாவது ஒரே அயனுக்குப் பல படம் கீறுவது, என்பது ஒரே படத்தில் அதைக் கீற முடியாத எங்கள் தாளின் குறை.

1916இல் லூயிஸ் வெளியிட்ட இந்தச் சோடிக் கணக்கு சறுக்குகிற இடத்தையும் சேர் ஒளிக்கவில்லை. ஒட்சிசன் மூலக்கூற்றுக்கு 12 புள்ளி, இரட்டைப் பிணைப்பு, எல்லாம் சோடியாக அழகாய் முடியும். ஆனால் திரவ ஒட்சிசனைக் காந்த முனைகளுக்கிடையே ஊற்றினால் அது ஒட்டிக்கொண்டு நிற்கும். சோடிசேராத இலத்திரன் இரண்டு அதில் உண்டு. புள்ளிப்படத்தில் அவை எங்கே என்று கேட்டால், வெண்கட்டி எடுத்து, இலத்திரன்கள் முழு மூலக்கூற்றுக்கும் பொதுவான ஒபிற்றல்களில் நிரம்புவதைக் காட்டும் மூலக்கூற்று ஒபிற்றல் படத்தைக் கீறத் தொடங்கிவிடுவார்.