தின்னர் நெடியைக் கரியில் பிடித்த கதை

சேலத்தில் ஜவ்வரிசி, முறுக்கு, சிப்ஸ் பைகளுக்கு அச்சடிக்கும் கிரேவியர் (குழி செதுக்கிய உருளையால் அச்சிடும்) அச்சகம் எங்களுடையது. பக்கத்துத் தெருவிலிருந்து நெடி பற்றிப் புகார் போயிருந்த நேரத்தில் அச்சகத்தை ஓட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவாணையும் புதுப்பிப்புக்கு வந்தது.

நெடியை அடக்கும் எந்திரம் விற்பவர்கள் வரிசையாக வந்து விலை சொன்னார்கள். "மாதம் எத்தனை லிட்டர் தின்னர் வாங்குகிறீர்கள்?" என்று கேட்டவர் ஒருவர்தான். அவருக்கே வேலையைக் கொடுத்தோம். மையை இளக்க வாங்கிய டொலுயீன், எத்தில் அசிடேட் என்ற கரைப்பான்களில் கழிவு டிரம்மில் கிடப்பதைக் கழித்தால் மிச்சமெல்லாம் காற்றில் போனதுதான். மை காய்வது என்றாலே கரைப்பான் பறப்பதுதானே!

ஆவியை 800 டிகிரி அளவில் எரித்துவிடும் எந்திரமும் உண்டு. இரவு பகலாக ஓடும் ஆலைக்கு அது சரி. ஒரே ஷிப்ட் ஓட்டும் நாங்கள் தினமும் காலையில் அதைச் சூடேற்றியே எரிபொருளைத் தீர்த்துவிடுவோம். எனவே ஆவியைத் தன் நுண்துளைகளில் பிடித்து வைக்கும், கொட்டாங்கச்சியில் செய்த ஊக்கிய கரியை (activated carbon) எடுத்தோம்.

கரிக்குச் சூடு ஆகாது. உள்ளே போகும் காற்று 40 டிகிரிக்குள் இருந்தால்தான் நன்றாகப் பிடிக்கும். மே மாதச் சேலத்தில் வெளிக்காற்றே அதைத் தொடும்போது, உலர்த்தியிலிருந்து வரும் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குளிர்ந்த நீர் ஓடும் சுருள் ஒன்றை வழியில் வைக்க வேண்டியிருந்தது.

அதிகம் மெனக்கெட்டது உறிஞ்சு குழாய்க்குத்தான். இந்த ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம். மைத்தொட்டி ஓரத்தில் வழிந்து கீழே இறங்கும். மேலே கவிழ்த்த கூண்டு அதைத் தொடவே இல்லை. தொட்டியை ஒட்டித் தாழ்வாக வாய் வைத்து, அதன் விளிம்பில் பஞ்சு நூலிழை ஒன்றைக் கட்டினோம். அது உள்நோக்கிப் படுத்தால் இழுக்கிறது, தொங்கினால் இல்லை. (ஊதுபத்திப் புகையில் பார்க்கலாம் என்றார் ஒருவர். தீப்பற்றும் ஆவிக்கு நடுவே ஊதுபத்தியா!) காற்றை இழுக்கும் விசிறியின் மோட்டார், உள்ளே பொறி பறந்தாலும் தீ வெளியே வராத வகை; குழாய் முழுவதற்கும் எர்த் கொடுத்தாயிற்று.

கரி நிறைந்தால் சும்மா இருக்காது. டொலுயீனை இறுகப் பிடித்துக்கொண்டு, முன்பு பிடித்த எத்தில் அசிடேட்டைத் தள்ளிவிடும். அப்போது உள்ளே போவதைவிட வெளியே வருவது கூடுதலாகக்கூட இருக்கும். மூக்கை நம்பாமல், கரைப்பான் கணக்கை வைத்தே கரி மாற்றுகிறோம். பழைய கரி அபாயகரக் கழிவு; குப்பையில் கொட்ட முடியாது. அதை அனுப்பும் செலவை விலைப்பட்டியலில் யாரும் காட்டுவதில்லை. வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.