கேக் என்றால் விருந்தாளி: பத்தானியில் ஐந்து நாள்

22 அக்டோபர் 2024, செவ்வாய்

எங்கள் ஊர் மலேசியாவின் கெடா மாநிலத்துச் சுங்கைப்பட்டாணி. வந்து சேர்ந்த ஊர் தென் தாய்லாந்தின் பத்தானி. பெயர் ஒன்றுபோல் ஒலித்தாலும் நடுவே ஒரு நாட்டு எல்லையும் ஒரு மணி நேரக் கடிகார வித்தியாசமும் இருக்கின்றன. கூட்டிவந்தவர் எங்கள் தெருமுனையில் தொம்யாம் என்ற தாய்லாந்து சூப் விற்கும் கடையில் சமைக்கும் அபே. அபே என்றால் அண்ணன். மலேசியாவில் தொம்யாம் சட்டி பிடிக்கிறவர்களில் பலர் இந்தப் பக்கத்து மலாய்க்காரர்கள்தான். பாஸ்போர்ட்டில் புது முத்திரை வாங்குவதற்காக அவர் மாதம் ஒருமுறை எல்லை தாண்டுவார். "தீபாவளிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. சிக்கு சும்மாதானே இருக்கிறீர்கள்?" என்றார். ஓய்வுபெற்ற பிறகும் நான் ஊருக்குச் சிக்குதான், அதாவது வாத்தியார். சும்மா இருப்பதை ஒருவர் இப்படிச் சுட்டிக்காட்டிய பிறகு கிளம்பாமல் என்ன செய்வது?

ஹாட்யாயில் வேன் ஏறினோம். சானா, தேபா தாண்டி ஒரு சோதனைச் சாவடி. சிப்பாய் அபேயின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தான். அதில் இருப்பது சயாமியப் பெயர் (சயாம் என்பது தாய்லாந்தின் பழைய பெயர்). அம்மா வைத்த பெயர் வீட்டில் மட்டும்தான். என்னை நோக்கி ஏதோ கேட்டான். 'கேக்' என்ற ஒரு சொல்தான் என் காதில் பிடிபட்டது. பிறந்தநாளுக்கு வெட்டுகிற கேக் போலவே ஒலித்தது.

வேன் நகர்ந்ததும் அபே விளக்கினார். சயாமிய மொழியில் கேக் என்றால் விருந்தாளி. இந்தியர், அரபியர், மலாய்க்காரர் எல்லோரையும் அந்த ஒரே சொல்லில் அடக்கிவிடுவார்கள். "நீங்களும் கேக், நானும் கேக்" என்று சிரித்தார். நான் காலையில்தான் வந்தேன். அவருடைய ஆட்கள் பத்தானி சுல்தான்கள் ஆண்ட காலத்திலிருந்தே இங்கே இருக்கிறார்கள். தங்களை அவர்கள் 'ஓரே நாயு' என்பார்கள், மலாய் மனிதர்கள்.

23 அக்டோபர், புதன்

அரசு விடுமுறை. 1910-இல் இதே நாளில் மறைந்த மன்னர் சுலலோங்கோர்னின் நினைவு நாள். பள்ளிக்கூட வாசலில் அவர் படமும் மலர்வளையமும் வைத்திருக்கிறார்கள்.

திண்ணையில் அபேயின் தந்தை மெர்போக் புறாவின் கூண்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கத்தில் மெர்போக்கைக் கூவவிட்டுப் போட்டி நடத்துவார்கள். நல்ல குரலுள்ள பறவைக்குக் கார் விலைகூடக் கொடுப்பார்கள் என்றார். விடுமுறை எதற்கு என்று நான் கேட்டதும் துணியைக் கீழே வைத்தார். "எங்கள் ராஜாவைப் பிடித்துக்கொண்டு போனவருக்கு" என்றார். 1902-இல் அந்த மன்னரின் அரசுதான் பத்தானியின் கடைசி ராஜா அப்துல் காதிரைக் கைதுசெய்து, வடக்கே பித்சனுலோக்கில் கொண்டுபோய் வைத்தது. ஏழாண்டு கழித்து 1909-இல் பிரிட்டிஷாரும் சயாமும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். கெடா, கிளந்தான், திரங்கானு, பெர்லிஸ் பிரிட்டிஷார் பக்கம் போயின. பத்தானி சயாமிடமே நின்றது. கெடாக்காரனான நானும் இந்தப் பெரியவரும் இப்படித்தான் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனோம்.

புறா கடைசிவரை கூவவில்லை.

24 அக்டோபர், வியாழன்

காலையில் கெர்சே மசூதி. வெறும் செங்கல், கூர்வளைவுகள், மேலே குவிமாடம் இல்லை. பக்கத்திலேயே லிம் கோ நியாவ் என்ற சீனப் பெண்ணின் சமாதி. மதம் மாறிய அண்ணனைத் திருப்பி அழைக்க வந்து, முடியாமல் முந்திரி மரத்தில் தூக்குப் போட்டுக்கொண்டாளாம். அவள் சாபத்தால்தான் மசூதி முடியாமல் நிற்கிறதாம். இந்தக் கதை அபேக்குப் பிடிக்காது. சுற்றுலாப் பயணிகளுக்கு மிகவும் பிடிக்கும். 2004 ஏப்ரல் 28 அன்று இதற்குள் ஒதுங்கிய 32 பேரை ராணுவம் சுட்டுக் கொன்றது. அதைச் சொல்ல இங்கே வழிகாட்டி யாருமில்லை.

வழியில் உப்பளங்கள். மழை தொடங்கிவிட்டதால் பாத்திகளில் சேற்று நீர் நிற்கிறது. குடிசையில் பழைய குவியல் மட்டும் மிச்சம். பத்தானி உப்புக்கு 'காராம் மானிஸ்' என்று பெயர், இனிப்பு உப்பு. தமிழ்க் காதுக்குக் காரம், இனிப்பு, உப்பு மூன்றும் ஒரே பொட்டலத்தில் வந்துவிடுகிறது. விற்ற மாக்சிக், அதாவது அத்தை, என் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்தார். நாக்கில் பட்டதும் உறைக்கும் அந்தக் கசப்பு இதில் இல்லை. இனிக்கிறது என்று சத்தியம் செய்ய மாட்டேன். இரண்டு கிலோ வாங்கினேன்.

மாலையில் ஒரு பொண்டோக், மாணவர்கள் தங்கி இஸ்லாம் படிக்கும் பள்ளி. அதை நடத்தும் ஆசானைப் பாபோ என்று அழைக்கிறார்கள். மஞ்சளேறிய ஒரு கிதாபை, மத நூலை, என்னிடம் நீட்டி, "சிக்கு வாசியுங்கள்" என்றார். ஏறக்குறைய இதே மலாய் பேசும் கிளந்தானில் ஏழாண்டு வேலை பார்த்தவன் நான். 'ஜாலே' என்றால் சாலை, ஜகரத்தை அழுத்தி 'ஜ்ஜாலே' என்றால் நடப்பது என்பதுவரை தெரியும். (சொல்லின் முதலில் மெய் இரட்டிக்காது என்று வகுப்பெடுத்தவனுக்கு இதைச் சொல்லிப் பழக ஓராண்டு ஆயிற்று.) ஆனால் நான் படித்த மலாய் ரோமன் எழுத்தில் இருந்தது. இது ஜாவி, அரபு எழுத்து. ஓர் எழுத்துக்கூட ஓடவில்லை. பாபோ வாங்கி உரக்கப் படித்தார், பாதிக்குமேல் புரிந்துவிட்டது. சயாமியர்கள் இவர்களுடைய மொழியையே 'யாவி' என்கிறார்கள். எழுத்தின் பெயரை மொழிக்கு வைத்தாயிற்று, மலாய் என்ற சொல்லே வெளியில் வராமல். 1947-இல் பத்தானியின் மதத் தலைவர் ஹாஜி சூலோங் அரசிடம் வைத்த ஏழு கோரிக்கைகளில் மலாயும் ஆட்சிமொழியாக வேண்டும் என்பது ஒன்று. மறு ஆண்டு சிறை. 1954-இல் காவல்துறை அழைத்ததென்று போனவர் திரும்பவே இல்லை.

இரவுச் செய்தியில் தாய்லாந்துப் பிரதமர் பேதோங்தார்ன், இருபது ஆண்டுக்கு முன் தாக்பாய் என்ற ஊரில் நடந்ததற்காக வருத்தம் தெரிவித்தார். அபேயின் தந்தை ஒலியைக் குறைத்தார், அணைக்கவில்லை.

25 அக்டோபர், வெள்ளி

தொழுகை முடிந்ததும் தேநீர்க் கடைக்குப் போனோம். எதிரே உட்கார்ந்தவர் கண்ணாடித் தம்ளரை இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்கினார். வலது கையில் இரண்டு விரல்கள் நிமிரவில்லை. அபே என் முழங்கையைத் தொட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

2004, இதே தேதி, நோன்பு மாதம். பிடித்துவைத்த ஆறு ஊர்க்காவல் தொண்டர்களை விடச்சொல்லி தாக்பாய்க் காவல் நிலையத்தின் முன் கூட்டம் கூடியது. அங்கேயே 7 பேர் சுடப்பட்டு இறந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் கைகளைப் பின்னால் கட்டி, லாரிகளில் குப்புறக் கிடத்தி, மேலுக்கு மேல் அடுக்கினார்கள். பத்தானி ராணுவ முகாமுக்கு வந்து இறக்கியபோது 78 பேர் மூச்சடைத்து இறந்திருந்தார்கள். இவர் அடியிலிருந்து இரண்டாவது அடுக்கு. "எனக்குக் கீழே கிடந்தவர் முதலில் கலிமா சொல்லிக்கொண்டே வந்தார்" என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை. தேநீரில் பால் அதிகம் என்று கடைக்காரரிடம் குறைபட்டுக்கொண்டார்.

வழக்குக்கு இருபது ஆண்டுதான் ஆயுள். குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் ஒருவர்கூட நீதிமன்றப் படி ஏறவில்லை. இன்று நள்ளிரவோடு காலாவதி. பதினொன்றரை வரை விழித்திருந்தேன், எதற்கென்று எனக்கே தெரியாமல். பக்கத்து அறையில் அபேயின் தந்தை இருமிக்கொண்டிருந்தார்.

26 அக்டோபர், சனி

எல்லையில் நீண்ட வரிசை. மலேசியச் சுங்கத்தில் என் உப்புப் பொட்டலத்தை அமுக்கிப் பார்த்த இளைஞரிடம் "காராம்" என்றேன். இவ்வளவு தூரம் போய் உப்பா என்று சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

அபேயின் பாஸ்போர்ட்டில் ஏறக்குறைய எல்லாப் பக்கமும் முத்திரைதான். அதிகாரி மலாயில் கேட்டார். அபே மலாயில் பதில் சொன்னார். புதுப் பக்கத்தில் ஒன்று விழுந்தது: சமூக வருகை, 30 நாள்.

"இங்கேயும் கேக்தான்" என்று பாஸ்போர்ட்டைச் சட்டைப்பைக்குள் வைத்தவர், பஸ்ஸைப் பார்த்து வேகமாக நடந்தார். ஆறு மணிக்கு அடுப்புப் பற்றவைக்க வேண்டுமாம்.