எஸ்டிஐயில் படம் வராத கேம்கோடர்: மேசைக் குறிப்புகள்

பழைய தொழில்முறை கேம்கோடர்களை வாங்கிப் பழுது பார்ப்பது என் விடுமுறை நாள் வேலை. இப்போது மேசையில் இருப்பது, மூன்று அரை அங்குல சென்சார்களுடன் மெமரி கார்டில் பதிவு செய்யும் கேமரா. கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவர் பல ஆண்டுகள் ஓட்டியது. மண்டபத்து எல்இடி திரைக்கு எஸ்டிஐ (படத்தை ஒரே கேபிளில் டிஜிட்டலாக அனுப்பும் தொழில்முறை இணைப்பு) வழியாக அனுப்பும்போது படம் விட்டுவிட்டு வந்து, பிறகு அடியோடு நின்றுபோனதாம். “லென்ஸில் ஒரு கீறல் கிடையாது தம்பி, பதிவும் சுத்தம். எஸ்டிஐ போர்டு போய்விட்டது, மாற்றுப் போர்டும் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள்” என்று சொல்லித்தான் கொடுத்தார்.

‘போர்டு போய்விட்டது’ என்ற தீர்ப்பை நான் எளிதில் ஏற்பதில்லை. சென்சாரிலிருந்து மானிட்டர் வரை சிக்னல் பல இடங்களைக் கடந்து வருகிறது. எதுவரை நலமாக வருகிறது என்று தெரியாமல் திருப்புளியைக் கையில் எடுக்கக் கூடாது.

முதலில் கலர் பாரை, அதாவது கேமராவே உருவாக்கித் தரும் வண்ணப் பட்டைச் சோதனைப் படத்தைப் போட்டேன். லென்ஸ், வெளிச்சம், சென்சார் எல்லாம் கணக்கிலிருந்து விலகிவிடும். எல்சிடியில் பார் தெளிவு. பதிவு செய்து கணினியில் பார்த்தாலும் தெளிவு. அடுத்து காம்போசிட் எனும் பழைய அனலாக் வெளியீட்டை, மின் அலையை வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பில் பார்த்தேன். பால் (PAL) எனும் அனலாக் டிவி முறையில் ஒரு வரிக்கு 64 மைக்ரோ விநாடி. வரியின் தொடக்கத்தைக் குறிக்கும் சிங்க் துடிப்பு 0.3 வோல்ட், முழு வெள்ளைக்கு 0.7 வோல்ட், ஆக மொத்தம் 1 வோல்ட். அளவு பிசகவில்லை. இதை அளக்கும்போது முனையில் 75 ஓம் டெர்மினேட்டர் (கேபிளின் முடிவில் போடும் மின்தடை) இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் இரு மடங்காக 2 வோல்ட் காட்டும், நல்ல கேமராவைச் சந்தேகிக்க நேரும். ஆக, படத்தை உருவாக்கும் பகுதியில் குறை இல்லை.

பிறகு மெனு. இந்தத் தலைமுறைக் கேமராக்கள் பலவற்றில் எஸ்டிஐயும் எச்டிஎம்ஐயும் ஒரே நேரத்தில் வேலை செய்யாது. ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மின்கலத்தை மிச்சப்படுத்த எஸ்டிஐயை அணைத்து வைக்கும் வசதியும் சிலவற்றில் உண்டு. வடிவமும் பொருந்த வேண்டும். மிக்ஸரை (பல கேமராக்களின் படங்களில் ஒன்றைத் தேர்ந்து அனுப்பும் கருவி) 1080ஐ 50இல் (1080i/50) வைத்துவிட்டு கேமராவை 59.94இல் விட்டால் பல மிக்ஸர்கள் கருப்புத் திரையைத்தான் தரும். 1080பி 50 (1080p/50, விநாடிக்கு 50 முழுப் படங்கள்) அனுப்பினால் அதற்கு 3ஜி எஸ்டிஐ, அதாவது விநாடிக்கு 2.97 கிகாபிட் தேவை. பழைய எச்டி மானிட்டர் அதை ‘நோ சிக்னல்’ என்றே சொல்லும். என்னிடம் வந்த கேமராவில் எல்லாம் சரியாகவே இருந்தது: எஸ்டிஐ இயக்கத்தில், 1080ஐ 50. ஆனாலும் மானிட்டரில் படம் இல்லை. கேபிளைத் தொட்டால் ஒரு கணம் பார் வரும், அதன் மேல் வெள்ளைப் புள்ளிகள் சிதறும், மீண்டும் கருப்பு.

துப்பு கிடைத்தது அடுத்த சோதனையில்தான். வெளியீட்டை எச்டியிலிருந்து, தெளிவு குறைந்த பழைய வடிவமான எஸ்டிக்கு மாற்றினேன். அதே ஜாக், அதே கேபிள், அதே மானிட்டர்; படம் அசையாமல் நின்றது. எஸ்டியின் வேகம் விநாடிக்கு 270 மெகாபிட், எச்டியின் வேகம் 1.485 கிகாபிட். கிட்டத்தட்ட ஐந்தரை மடங்கு. வெளியீட்டுச் சிப் முற்றிலும் இறந்திருந்தால் இரண்டுமே வராது. மெதுவானது வருகிறது, வேகமானது வரவில்லை என்றால் வழியில் எங்கோ உயர் அதிர்வெண் மட்டும் தடைபடுகிறது என்று பொருள்.

அப்படித் தடுப்பதில் முதல் சந்தேகம் கேபிள் மேல்தான். மண்டபங்களில் சுருட்டிக் கிடக்கும் கருப்பு கேபிள்களில் ஆர்ஜி 58 கலந்திருப்பது சாதாரணம். அது 50 ஓம். எஸ்டிஐக்குத் தேவை ஆர்ஜி 59 அல்லது ஆர்ஜி 6 போன்ற 75 ஓம் கேபிள். இரண்டுக்கும் பிஎன்சி முனை (திருகிப் பூட்டும் வட்ட இணைப்பான்) போட முடியும், பார்வைக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உறையில் அச்சிட்டிருப்பதைப் படித்தால்தான் தெரியும். நன்றாக வேலை செய்யும் வேறொரு கேமராவில் சோதித்த ஒரு மீட்டர் 75 ஓம் கேபிளைப் போட்டேன். புள்ளிகள் குறைந்தன, குறை போகவில்லை. கேபிளை மெல்ல மேலே தூக்கிப் பிடித்தால் எச்டி படம் நின்றது. கையை விட்டால் போய்விட்டது.

பக்கத் தட்டைக் கழற்றி, பிஎன்சி ஜாக் பொருத்திய சிறிய போர்டை பூதக்கண்ணாடியில் பார்த்தேன். நடு ஊசியின் ஈயம் பளபளவென்று முழுமையாக இருந்தது. கிரவுண்டுக் கால்களில் இரண்டைச் சுற்றி மட்டும் மயிரிழை போன்ற சாம்பல் வளையம். ஜாக்கை விரல் நுனியால் அசைத்தபோது அந்த வளையத்துக்குள் கால் தனியாக நகர்ந்தது, ஈயம் நகரவில்லை. பல ஆண்டுகள் கனமான கேபிள் கீழ்நோக்கி இழுத்ததன் பலன் அது.

மல்டிமீட்டரை மட்டும் நம்பியிருந்தால் இது தெரிந்திருக்காது. ஜாக்கின் ஓட்டுக்கும் போர்டு கிரவுண்டுக்கும் இடையே மீட்டர் சுழியத்தையே காட்டியது. நட்டு, பக்கத் தட்டு, திருகுகள் எனச் சுற்று வழியாக நேர்மின்னோட்டம் எளிதாகப் போய்விடுகிறது. 1.485 கிகாபிட் சிக்னலுக்கு அந்தச் சுற்று வழி உதவாது. ஊசிக்குப் பக்கத்திலேயே திரும்பும் பாதை இருக்க வேண்டும்.

பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, ஃபிளக்ஸ் தடவி, அகலமான முனையால் புதிதாகச் சால்டர் செய்தேன். கிரவுண்டுத் தளம் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் போர்டை முன்கூட்டியே சூடாக்கினேன். இல்லாவிட்டால் ஈயம் மேலே படிந்ததுபோல் தோன்றி உள்ளே ஒட்டாமல் நிற்கும். மாட்டியதும் எச்டி பார் நிலையாக வந்தது. கேபிளை எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரு புள்ளி கூட இல்லை.

அடுத்து நீளச் சோதனை. எச்டி எஸ்டிஐக்கு நல்ல ஆர்ஜி 6 கேபிளில் ஏறக்குறைய 100 மீட்டர்தான் எல்லை. டிஜிட்டல் என்பதால் எல்லை வரை மங்கலே தெரியாது. அதைத் தாண்டிய சில மீட்டரில் புள்ளி, கோடு, பிறகு ஒன்றுமில்லை. கையிலிருந்த 60 மீட்டர் சுருளில் படம் சுத்தமாக வந்தது.

வெளியீட்டுச் சிப் பிழைத்திருந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. கேமராவின் பேட்டரியிலிருந்தே மானிட்டருக்கும் மின்சாரம் எடுப்பவர்கள் வரிசையைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும்: முதலில் மின் கேபிள், பிறகு எஸ்டிஐ, கழற்றும்போது முதலில் எஸ்டிஐ. மாறினால், அல்லது மின் கேபிளின் நெகட்டிவ் முனை சரியாகத் தொடாவிட்டால், மானிட்டர் இழுக்கும் மின்னோட்டம் எஸ்டிஐ கேபிள் வழியாகத் திரும்பும். சில வோல்ட்டில் வேலை செய்யும் சிப் அதைத் தாங்காது. உண்மையிலேயே ‘போர்டு போவது’ பெரும்பாலும் இப்படித்தான்.

மிச்சம் இருப்பது, படத்தை மூன்று சிக்னல்களாகப் பிரித்து அனுப்பும் காம்பொனென்ட் வெளியீடு. அதில் சிவப்பு வண்ணச் சிக்னல் வராமல் முகங்கள் பச்சையடிக்கின்றன. அதன் கனெக்டரும் அதே பக்கத் தட்டில்தான் இருக்கிறது. அடுத்த விடுமுறையில் அதன் ஊசிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறேன்.