பாவசங்கீர்த்தன வரிசையில் நிற்கும் முன்

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தின் கடைசி வாரம் வந்துவிட்டால், கத்தோலிக்கர் தங்கள் பாவங்களைக் குருவான சாமியாரிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் வரிசை கோயில் வாசலைத் தொடும். உள்ளே போகிறவர்களில் பலர், “கோபப்பட்டேன், பொய் சொன்னேன், பூசைக்கு வரல சாமி” என்று முடித்துக்கொள்வார்கள். வருடா வருடம் அதே மூன்று. செய்த பாவங்களை மனதுக்குள் தேடிப் பார்க்கும் ஆன்மசோதனை செய்யாமல் வந்தால் வேறென்ன நினைவுக்கு வரும்?

முந்தின இரவு கால்மணி நேரம் ஒதுக்குங்கள். பத்துக் கட்டளைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். ஏழாவது வந்ததும், ‘நான் திருடவில்லையே’ என்று தாண்டிவிடத் தோன்றும். குறைத்து நிறுத்த எடை, இழுத்தடித்த கூலி, திருப்பித் தராத கைமாற்று எல்லாம் அங்கேதான் வரும். உண்மையா என்று தெரியாமலே வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்ட பக்கத்து வீட்டுப் பேச்சு, பொய்ச்சாட்சி சொல்லாதே என்கிற எட்டாவதில் சேரும்.

கனமான காரியம், முழு அறிவு, முழு சம்மதம் மூன்றும் சேர்ந்தால்தான் சாவான பாவம், அதாவது கடவுளோடுள்ள உறவையே முறிக்கும் பெரும் பாவம். காய்ச்சலில் படுத்து ஞாயிறு பூசையை விட்டது பாவமே இல்லை. அதை மறக்காமல் சொல்லிவிட்டு, நல்லாயிருந்தும் போகாத ஞாயிறுகளை விழுங்கிவிடுகிறவர்கள் உண்டு. சாவான பாவங்களை வகையும் எண்ணிக்கையுமாகச் சொல்ல வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 988. கணக்குச் சரியாக நினைவில்லையா, “ஒரு வருஷமா மாசம் ரெண்டு தடவை” என்றால் போதும். கதை வேண்டாம். மருமகள் செய்ததையெல்லாம் அடுக்கிவிட்டுத் தன்னுடையதைச் சொல்லாமல் எழுந்துவரும் மாமியார்கள் எல்லாக் கோயில் பங்கிலும் இருக்கிறார்கள்.

சாவான பாவம் ஒன்று உண்மையாகவே மறந்துபோனால் அதுவும் மன்னிக்கப்பட்டுவிடுகிறது. அடுத்த முறை சொன்னால் சரி. வேண்டுமென்றே மறைத்தால் அந்தப் பாவசங்கீர்த்தனமே செல்லாது, மேலே புனிதமானதை அவமதித்த தேவத்துரோகமும் சேரும். ‘சாமியாருக்கு நம்மைத் தெரியுமே’ என்ற கூச்சம்தான் பெரும்பாலும் காரணம். கேட்டதை அவர் யாரிடமும், எதற்காகவும் வெளியிட முடியாது. நேரடியாக வெளியிடும் குரு அந்தக் கணமே திருச்சபைக்குப் புறம்பாகிவிடுவார்.

எடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் எண்ணமே இல்லாமல் அதைச் சொல்வதும் வீண். நேரில் கொடுக்க வெட்கமாக இருந்தால் உரியவர் கைக்கு வேறு வழியில் போய்ச் சேரும்படி பார்க்கலாம்.

பாவமன்னிப்பு மந்திரம் முடிந்ததும் அவசரமாக வண்டியை எடுக்கப் போகாதீர்கள். பாவத்துக்குப் பரிகாரமாகச் சாமியார் கொடுத்த அபராதம் மரியாளை நோக்கிச் சொல்லும் அருள்நிறை மந்திரம் மூன்றுதான் என்றால், பெஞ்சில் உட்கார்ந்து அப்போதே சொல்லிவிடுங்கள். வீட்டுக்குப் போனால் மறந்துவிடும்.