தலையில்லாத சட்டையும் 15 வரிசையும்

மோட்டார் ரூம் ஓட்டுச் சந்தில் கிடைத்த அந்தப் பாம்புச் சட்டை, அதாவது பாம்பு உரித்துப் போட்ட தோல், கட்டுவிரியனுடையதுதான். உறுதி. தலையும் கழுத்தும் எறும்பு தின்று போய், மிச்சமிருந்த குழாயை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். ஓநாய்ப் பாம்பு என்றார் ஒருவர், கொம்பேறி மூக்கன் என்றார் இன்னொருவர். மாமா வழக்கம்போல சாரை என்றார், அவருக்கு எல்லாமே சாரை. இப்போது விரித்து, ஸ்கேன் எடுத்து, படத்தின் மேல் புள்ளி வைத்து முதுகுச் செதில் எத்தனை வரிசை என்று எண்ணியாயிற்று (அது இனத்துக்கு இனம் மாறும்), இனி யாரோடு வேண்டுமானாலும் வாதாடத் தயார்.

சட்டை எங்கே கிடைக்கும், எப்போது தேட வேண்டும் என்பதெல்லாம் இதைச் செய்கிறவர்களுக்குத் தெரியும், நேராக வெட்டுவதற்கு வருகிறேன். முக்கால்வாசி சட்டைகள் வீணாவது இந்த இடத்தில்தான். பாம்பு உதட்டிலிருந்து உரிக்க ஆரம்பித்து, ஈரப் பனியனைக் கழற்றுகிற மாதிரி உள்பக்கம் வெளியே வர உரித்துப் போட்டுவிட்டுப் போகிறது. கையில் கிடைப்பது உள்வெளி மாறின குழாய். இதைக் கவனிக்காமல் அப்படியே விரித்தால் முதுகுச் செதிலின் நடுவில் மேடாக ஓட வேண்டிய கோடு பள்ளமாகத் தெரியும், இடது வலது மாறிவிடும், தலை இருக்கிற சட்டையாக இருந்தால் உதட்டுச் செதில் எண்ணும்போது இன்னும் குழப்பம்.

சரி, குழாயை எங்கே கீறுவது? முதுகில் கீறினால் தண்டுவடத்துக்கு மேலே ஓடும் நடு வரிசை போச்சு, கட்டுவிரியனுக்கு அதுதான் முதல் அடையாளம். பக்கவாட்டில் கீறினால் ஓர வரிசை ஒன்று வெட்டுப்பட்டு, 15ஆ 16ஆ என்று ராத்திரி முழுக்க சந்தேகம். வயிற்று நடுவில்தான் கீற வேண்டும். அகலமான வயிற்றுச் செதில்கள் பாதிப் பாதியாகி இரண்டு ஓரத்திலும் கரை கட்டினது போல் நிற்கும், இடையில் இருப்பது முழுக்க முதுகுச் செதில், எதுவும் விட்டுப்போகவில்லை என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஆனால் அந்தக் கீறலை அப்படியே வால் நுனி வரை இழுத்துவிடக் கூடாது. எருவாய்க்கு (வால் தொடங்கும் இடத்தில் கழிவு வெளியேறும் துளை) நாலைந்து செதில் முன்னால் நிறுத்தி, கத்தரியை ஓரத்துக்கு ஒதுக்கி, வாலை மட்டும் பக்கவாட்டில் வெட்டிக்கொண்டு போக வேண்டும். வாலின் அடிச்செதில் ஒற்றையாக ஓடுகிறதா, நடுவில் பிரிந்து இரட்டையாக ஓடுகிறதா என்பதைப் பார்த்துத்தான் பாதி வழக்கு தீர்கிறது. நடுவில் கீறினால் ஒற்றையும் இரட்டையாகிவிடும், அப்புறம் கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது. எருவாயை மூடியிருக்கும் செதிலும் அப்படித்தான்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை எல்லாவற்றுக்கும் அது முழுசாக ஒரே தகடு, சாரைக்கும் தண்ணீர்ப் பாம்புக்கும் இரண்டாகப் பிளந்திருக்கும். இவ்வளவு சேதி இருக்கிற இடத்தில் பிளேடைப் போட்டுக் கிழிப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

பிளேடு என்றதும் இன்னொன்று. மெடிக்கலில் விற்கும் சர்ஜிகல் பிளேடு இதற்கு ஆகாது, கூர் அதிகம், ஈரச் சட்டையில் ஒரு இழுப்பு இழுத்தால் அடியில் இருக்கும் முதுகுப் பக்கத்தையும் சேர்த்து அறுத்துவிடும். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பிசிறு வெட்டுவதற்கு ஒரு சின்ன டிரிம்மர் வைத்திருப்பார்களே, விரலுக்குள் அடங்குவது, அதை வாங்குங்கள். முனையை மட்டும் உப்புத்தாளில் தேய்த்து மழுக்கிக்கொண்டால் போதும். குழாய்க்குள் முதலில் தென்னை ஈர்க்கு ஒன்றை விட்டு வழி பண்ணி, அதன் பின்னாலேயே ஓ.ஹெச்.பி. ஷீட்டில் (கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் தாள்) வெட்டின ஒரு விரல் அகலத் துண்டைச் செருகிவிட்டால், கத்தரி அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகும், முதுகுக்கு ஆபத்தில்லை. இந்த ஈர்க்கு யோசனை என்னுடையது. வேறெங்கும் நான் பார்த்ததில்லை, கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்கிறேன்.

காய்ந்த சட்டையை வெதுவெதுப்பான தண்ணீரில், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, ஊறப் போட்ட பிறகுதான் இதெல்லாம். வீட்டில் அகலமான வட்டல் ஒன்றை எடுத்துக்கொண்டேன். "ஏனுங்க, இனி அந்த வட்டல்ல யாருங்க சோறு திங்கறது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. வட்டல் இப்போது நிரந்தரமாக என் மேசையில்.

விரித்து கண்ணாடிக்கடியில் காயவைத்த பிறகு எண்ணிக்கை. நடு உடம்பு எது என்பதற்கு டேப் வைத்து அளக்காதீர்கள். உரியும்போது சட்டை இழுபடும், பாம்பின் உண்மையான நீளத்தைவிட நீளமாகத்தான் இருக்கும், இழுபடுவதும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. (எட்டடிச் சட்டையைப் பார்த்துவிட்டு எட்டடிப் பாம்பு என்று ஊரைக் கூட்டுகிறவர்கள் கவனிக்க.) வயிற்றுச் செதிலை எண்ணித்தான் நடுவைக் கண்டுபிடிக்க வேண்டும். தலையில்லாத சட்டையில் முன்னாலிருந்து எண்ண முடியாது, எருவாயிலிருந்து மேலே ஏற வேண்டியதுதான். பேச்சில் அடிபட்ட பாம்புகள் பெரும்பாலும் 200க்கு முன்பின் வயிற்றுச் செதில் உள்ளவை, அதனால் நூறாவது செதிலில் குறி வைத்தேன். முதுகுச் செதிலை நேர்குறுக்காக எண்ணினால் வரிசை தாவும், ஓரத்திலிருந்து சாய்வாக முதுகு வரை ஏறி, அதே சாய்வில் மறுபக்கம் இறங்க வேண்டும்.

கண்ணுக்கு உதவியாக நான் வைத்திருப்பது பிக் கிளாஸ். சோமனூர் பக்கம் விசைத்தறி வைத்திருக்கும் நண்பர் கொடுத்தது, துணியில் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணுகிற மடக்கு லென்ஸ். விலை கூடின பூதக்கண்ணாடிகளைவிட இது தேவலை, சட்டையின் மேல் அப்படியே உட்கார்ந்துகொள்ளும், கை ஆடாது.

எண்ணினால் 15. நடு வரிசைச் செதில்கள் மற்றதைவிடப் பெரிதாக, அறுகோணமாக. ஓநாய்ப் பாம்பு இங்கேயே அவுட், அதற்கு 17 வரிசை, நடு வரிசையும் பெரிதாக இருக்காது. வீட்டுக்குள் வருகிற பாம்புகளில் இந்த இரண்டையும் மாற்றிச் சொல்லித்தான் அதிகம் குழப்பம், ஒன்று விஷமே இல்லாதது, மற்றது தூங்குகிற ஆளைக் கடித்தால் கடித்த இடம் சரியாகத் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் 15ஐயும் பெரிய நடு வரிசையையும் மட்டும் பார்த்துக் கட்டுவிரியன் என்று எழுதிவிட்டால் மாட்டிக்கொள்வோம், ஏனென்றால் கொம்பேறி மூக்கனுக்கும் 15 வரிசை, அதற்கும் நடு வரிசை பெரிது! சொன்னவர் சும்மா சொல்லவில்லை. இங்கேதான் வாலைக் காப்பாற்றி வைத்தது உதவியது. கொம்பேறி மூக்கனுக்கு வால் அடிச்செதில் இரட்டை, எண்ணிக்கை 100ஐத் தாண்டும், மரத்தில் வாழ்கிற பாம்புக்கு வால் நீளம். நம் சட்டையில் எருவாயிலிருந்து நுனி வரை ஒற்றைச் செதில், மொத்தமே நாற்பத்துச் சொச்சம், எருவாய்த் தகடு முழுசு. வேறு பேச்சே இல்லை.

ஒற்றை அடிச்செதில் சுருட்டைக்கும் உண்டு, மண்ணுளிக்கும் உண்டு. ஆனால் சுருட்டைக்கு வரிசை 25க்குக் குறையாது, செதிலில் முள் மாதிரிக் கோடு. மண்ணுளி வகைகள் நாற்பதுக்கு மேலே. மலைப்பாம்பு அறுபது எழுபது என்று போகும், அதை எண்ண ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.

மாமாவின் சாரை வாதத்துக்கு வருகிறேன். சாரைக்கு நடு உடம்பில் 17, வால் பக்கம் போகப் போக 14 ஆகக் குறையும். பெரும்பாலான பாம்புகளுக்கு வரிசை ஒற்றைப்படை, ஏனென்றால் நடு வரிசை ஒன்று, இரு பக்கமும் சமம். பின் உடம்பில் 14 என்று இரட்டைப்படை வந்தால் சந்தோஷமாகச் சாரை என்று எழுதிக்கொள்ளலாம். நல்ல பாம்புக்கு நடுவில் 21இலிருந்து 25, படம் விரிகிற கழுத்தில் அதைவிடக் கூடுதல். சாரை, நல்ல பாம்பு இரண்டின் சட்டை ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாமாவிடம் காட்டினேன். "அதெல்லாஞ் சரிங்க மாப்ள, ஆனா சாரையும் நல்லதும் பொணையறத எங்கய்யன் கண்ணாலயே பாத்திருக்கறாரு" என்றார். அவர் அப்பா பார்த்தது இரண்டு ஆண் சாரைகள் முறுக்கிக்கொண்டு சண்டை போட்டதை. நல்ல பாம்பும் கட்டுவிரியனும் எலாப்பிடே குடும்பம், மேல்தாடை முன்பக்கம் நிலையான நச்சுப்பல். சாரை கொலுப்ரிடே என்ற வேறு குடும்பம். இவ்வளவு தூரத்து உறவில் ஜோடி சேராது. ஆனால் மாமாவுக்குத் துணைக்கு ஒரு பெரிய ஆள் இருக்கிறார்: 1758இல் ஸ்வீடன் இயற்கை அறிஞர் லின்னேயஸ் பெயர் வைத்தபோது நல்ல பாம்பையும் சாரையையும் கொலுபர் என்ற ஒரே பேரினத்தில்தான் போட்டிருந்தார். வயிற்றுச் செதில் இத்தனை, வால் செதில் இத்தனை என்று எண்ணிக்கையைப் பெயருக்குப் பக்கத்தில் எழுதி வைத்த பழக்கமும் அவருடையதுதான். இதை மாமாவிடம் சொல்லவில்லை, சொன்னால் அந்தக் கொலுபரை மட்டும் பிடித்துக்கொள்வார்.

அறிவியல் பெயர் மாற்றத்தைப் பற்றியும் புலம்பியாக வேண்டும். வாய்க்காலில் நெளிகிற தண்ணீர்ப் பாம்பை ஒரு காலத்தில் நேட்ரிக்ஸ் என்றார்கள், அப்புறம் ஜெனோக்ரோஃபிஸ், இப்போது ஃபவ்லியா. நோட்டில் அடித்து அடித்து எழுதி அந்தப் பக்கமே கிழிந்துவிட்டது. பாம்பு மட்டும் அதே 19 வரிசையோடு பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறது. பச்சைப் பாம்பையும் 2020இல் பிரித்துவிட்டார்கள், பழைய நாசுட்டா என்ற பெயர் இலங்கைப் பாம்புக்குப் போய்விட்டது, நம் சமவெளியில் இருப்பது ஆக்ஸிரிங்கா. ராஜநாகத்தை 2024இல் நான்காக்கி, மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பதற்குக் காளிங்கா என்று வைத்திருக்கிறார்கள், இந்தப் பெயர் மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. இந்தப் பிரிவினையெல்லாம் மரபணுவை வைத்துத் தொடங்குவது, பிக் கிளாஸ் வைத்திருக்கிற ஆளுக்கு அதில் வேலையில்லை. ஆனால் ஓட்டுச் சந்தில் இருந்தது எது என்று இன்றைக்குத் தெரிய வேண்டுமென்றால் வரிசையைத்தான் எண்ணியாக வேண்டும்.

ஸ்கேனர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு யோசனை: மூடியைத் திறந்து வைத்து, சட்டையின் மேல் கறுப்புத் துணி போட்டு எடுங்கள், வெள்ளை மூடி பட்டால் ஒன்றும் தெரியாது. 600 டி.பி.ஐ. போதும். படம் எடுத்ததும் சட்டையைத் தோப்பிலேயே போட்டுவிடுகிறேன், 1972ஆம் வருஷத்து வன உயிரினச் சட்டம் இருக்கையில் பீரோவில் சேர்த்து வைத்து விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. வால்பாறைப் பக்கம் கேடயவால் பாம்பின் சட்டை பார்க்க ஆசைதான், ஆனால் புலிகள் காப்பகத்துக்குள் எதையும் தொடுவதாக இல்லை. அதற்குப் பதில் பூந்தொட்டிக்கடியில் இருக்கிற புழுப் பாம்பு இருக்கிறது. மண்புழு அளவு, உடம்பைச் சுற்றி 20 வரிசை, அகலமான வயிற்றுச் செதிலே கிடையாது, அத்தனையும் பெண், ஆணே இல்லாமல் குட்டி வம்சம் நடக்கிறது. வயிறு எது முதுகு எது என்று தெரியாத அந்தச் சட்டையை எங்கே கீறுவது என்று இப்போதே யோசனை ஓடுகிறது.

இதற்கிடையில் காங்கேயம் பக்கம் ஒரு கொரங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்), கிளுவை வேலியோரம் கிடைத்த துண்டு ஒன்று பாதி வேலையில் நிற்கிறது. சுருட்டையாக இருக்கலாம், வால் அடிச்செதில் ஒற்றைதான். ஆனால் பக்கவாட்டுச் செதில்கள் கீழ்நோக்கிச் சாய்ந்து, கோட்டில் ரம்பப் பல் தெரிந்தால்தான் எழுதுவேன், அந்தப் பற்களை உரசித்தான் அது சரசரவென்று சத்தம் போடுகிறது. நேர் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை, பக்கத்திலிருந்து சாய்வாக எல்.இ.டி. பட்டை வைத்துப் பார்க்க வேண்டும். அது முடிந்ததும் மோட்டார் ரூம் சுவரில் ஒட்ட ஒரே பக்கத்தில் வரிசை அட்டவணை போடலாம் என்றிருக்கிறேன். 17இல் தான் நெரிசல், சாரை, ஓநாய்ப் பாம்பு, குக்ரிப் பாம்பு எல்லாம் அங்கே வந்து விழுகின்றன, அதற்கு மட்டும் தனிக் கட்டம் வேண்டும். பழைய ஓ.ஹெச்.பி. ஷீட் கட்டு யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், கோயம்புத்தூரில் நான் கேட்ட ஸ்டேஷனரி கடைகளில் நூறு ஷீட் கட்டாகத்தான் தருவேன் என்கிறார்கள், எனக்கு வேண்டியது பத்து.