மான் திண்ட மாலை

அக்காவின் கல்யாணம் 2004 தையில், இலங்கையில் சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில் நடந்தது. தாலி கட்டின கையோடு மாப்பிள்ளையும் பொம்பிளையும் திருகோணமலைக் கோட்டைக்குள் இருக்கிற கோணேசர் கோயிலுக்குப் போனார்கள். கோட்டை வாசல் தாண்டிக் காரால் இறங்கின உடனே ஒரு புள்ளிமான் வந்து அக்காவின் மாலையைக் கவ்வித் தின்னத் தொடங்கிவிட்டது. அத்தான் மானின் கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறார், அக்கா குலுங்கிச் சிரிக்கிறா. அந்தப் படம் ஒன்றுதான் மிச்சம், அதுவும் மாமி வீட்டில் கிடந்ததால். அல்பம் அதே வருசம் மார்கழி 26 சுனாமியில், நிலாவெளி வீட்டோடு கடலுக்குப் போய்விட்டது.

இருபதாவது வருசத்துக்கு அந்த மானைத் தலகணி உறையில் தைத்து, கீழே 'மான் திண்ட மாலை' என்று எழுதிக் கொடுப்போம் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் மனையியலுக்குத் தைத்த கைக்குட்டைக்குப் பிறகு நான் ஊசி எடுத்ததெல்லாம் பட்டன் தைக்கத்தான். அதனால் முதலில் கம்பியூட்டரில் எம்ப்ராய்டரி அடிக்கிற ஒரு கடையில் கேட்டேன். மாதிரி அடித்துத் தந்தார்கள். மூன்று சுழி 'ண' ஒரே கட்டியாகத் திரண்டுபோய்க் கிடந்தது. சரி, கையால்தான் என்று வந்துவிட்டேன்.

வெள்ளைக் காட்டன் துணியை முதலே தோய்த்துக் காயவைத்து எடுத்தேன், பிறகு சுருங்கக்கூடாதே. காபன் வைத்து வரைந்தால் கறை போகாது என்று மாமி சொன்னா. யன்னல் கண்ணாடியில் ஒட்டி வரைய வெளிச்சம் வேண்டும். தை மழையில் வெளிச்சத்துக்கு எங்கே போவது? கண்ணாடி மேசைக்குக் கீழே போன் டோர்ச்சை எரியவிட்டு, துணியை மேலே விரித்துப் பென்சிலால் கீறினேன். படத்தில் இருந்தது கொம்பில்லாத மான். என் அதிர்ஷ்டம்.

கீழே வருகிற எழுத்தைச் சங்கிலித் தையலில் தொடங்கினேன். அது தடித்த தையல், சுழிக்குள் இருக்கிற இடத்தை எல்லாம் அடைத்துவிடும். இரண்டு நாள் வேலையைப் பிரித்துவிட்டு, ஆறு இழை நூலில் இரண்டை மட்டும் உருவிப் பின்தையல் போட்டேன். நேர்கோட்டில் அரிசி நீளம், வளைவில் எள்ளு நீளம். எள்ளு கொஞ்சம் நீண்டாலும் சுழி பெட்டியாகிவிடும். நூலை ஒரு முழத்துக்கு மேல் வெட்டினால் சிக்குத்தான்.

புள்ளிக்கு முடிச்சுத் தையல். ஊசியில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, வந்த ஓட்டையிலேயே இறக்காமல் ஓர் இழை தள்ளி இறக்க வேண்டும். அதே ஓட்டையில் குத்தினால் முடிச்சு பின்பக்கம் போய்விடும். இது பிடிபட ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. எழுத்துக்கு இரண்டே புள்ளி. மானின் முதுகுக்கு முப்பத்தெட்டு. கடைசி வரிசையைத் தைத்தபோது துணியைப் பார்க்காமலே கை ஓடியது.

மாலைக்கு வாங்கின சிவப்பு நூல்தான் ஏமாற்றியது. பென்சில் கோடு போக அலசினேன். மானின் வாயைச் சுற்றிச் சாயம் பரவி, மான் வெற்றிலை போட்ட மாதிரி நின்றது. காயவிட்டால் பிறகு போகாது என்று பயந்து பச்சைத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்தேன். எட்டாவது வாளியில் தண்ணீர் தெளிந்தது. மெல்லிய ரோஸ் இன்னும் இருக்கிறது, தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும். சிவப்பு நூலை முதலே நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள்.

மிச்சம் மாமியின் சிங்கர் மெசினில் ஒரு மணித்தியால வேலை. தலகணி 16 அங்குலம். முன்பக்கம் 17க்கு 17. பின்னுக்கு 17க்கு 12 அளவில் இரண்டு துண்டு, ஒவ்வொன்றிலும் 17 அங்குல ஓரம் ஒன்றை ஓர் அங்குலம் மடித்துத் தைத்து ஒன்றின்மேல் ஒன்று ஏற்றினால் சிப் தேவையில்லை. அயன் பண்ணும்போது கீழே துவாய் போட்டுப் பின்பக்கத்தால்தான். இல்லாவிட்டால் முடிச்செல்லாம் சப்பையாகிவிடும். உள்ளே இலவம்பஞ்சு. அது வீடு முழுக்கப் பறந்து இரண்டு நாள் தும்மினேன்.

அத்தான் கையில் வாங்கிக் கனநேரம் பார்த்துவிட்டு, "என்னை எங்கை?" என்றார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பொலித்தீன் பையில் போட்டு, கதிரை இழுத்து ஏறி, அலுமாரியின் மேல்தட்டில் வைத்தா. 2004க்குப் பிறகு அந்த வீட்டில் முக்கியமான சாமான் எல்லாம் மேல்தட்டில்தான்.