64 மில்லிசெகண்டுக்கு யார் பொறுப்பு?

கணினி மெமரியின் சிறு செல்களில் தரவு மின்னூட்டமாக இருக்கிறது. அது கசிந்துவிடும் என்பதால் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும், அதுதான் ரிஃப்ரெஷ். அந்த ரிஃப்ரெஷ் இடைவெளியை இரண்டு மடங்காக்கலாமா என்று எங்கள் குழுவின் இளம் பொறியாளர் கேட்டபோது வேண்டாம் என்றேன். அந்த முடிவை இன்றும் மாற்ற மாட்டேன். அதற்கு நான் சொன்ன காரணம்தான் அவ்வப்போது வந்து உறுத்துகிறது.

அவர் கொண்டுவந்த வரைபடம் அப்படியே கண்ணில் நிற்கிறது. மெமரியைப் படிக்க ஆகும் நேரம் பெரும்பாலும் 90 நானோசெகண்டைச் சுற்றிக் குவிந்திருந்தது. அதற்கப்புறம் கோடு தரையோடு தரையாகப் போய், 400-ஐத் தாண்டியதும் தனியாக ஒரு சிறு மேடு. எங்கள் வாடிக்கையாளருக்குச் சராசரி பற்றிக் கவலையில்லை, அந்த மேடுதான் தலைவலி. காரணம் தேடி அலைய வேண்டியதும் இல்லை. நாங்கள் பயன்படுத்தும் டிடிஆர்4 வகை மெமரியில் 7.8 மைக்ரோசெகண்டுக்கு ஒரு ரிஃப்ரெஷ் போக வேண்டும். 8 ஜிகாபிட் சிப்பில் அது முடிய 350 நானோசெகண்ட் ஆகும், அதுவரை அந்த ரேங்க், அதாவது சேர்ந்து இயங்கும் சிப்களின் தொகுதி, மொத்தமும் யாருக்கும் பதில் சொல்லாது. மொத்த நேரத்தில் இது நாலரை சதவீதம்தான். ஆனால் அந்த நேரம் பார்த்து வந்து மாட்டிக்கொள்ளும் கோரிக்கைக்குக் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு வரை நேரமாகிவிடும்.

ஒரு ரிஃப்ரெஷ் சில ரோக்களை, அதாவது செல் வரிசைகளை, மட்டும் புதுப்பிக்கும். இப்படி எல்லா ரோவையும் 64 மில்லிசெகண்டுக்குள் ஒரு சுற்றுப் புதுப்பிக்க வேண்டும் என்பது மிகப் பலவீனமான செல்லை மனதில் வைத்துப் போட்ட கணக்கு என்பது அவர் வாதம். உண்மைதான். பெரும்பாலான செல்கள் அதைவிடப் பல மடங்கு நேரம் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும். ரோக்களைத் தாங்கும் திறன்படி பிரித்துப் புதுப்பித்தால் ரிஃப்ரெஷ்களில் முக்கால்வாசியைத் தவிர்க்கலாம் என்று 2012-லேயே ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. அவர் இடைவெளியை 15.6 மைக்ரோசெகண்டாக்கி, அதாவது 64 மில்லிசெகண்டை 128 ஆக்கி, இரவெல்லாம் சோதனையை ஓட்டிவிட்டு வந்திருந்தார்.

"சார், ஒரு பிட்கூட மாறல."

"இன்னைக்கு மாறல."

"மாறினாலும் பிழை திருத்துற ஈசிசி இருக்கே, திருத்திடும்."

"ஈசிசி நமக்குத் தெரியாம வர்ற பிழைக்கு. நாமளே கூப்பிட்டு வரவழைக்கிற பிழைக்கு இல்ல."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "64-ங்கறதும் யாரோ போட்ட கணக்குதானே சார்?" என்றார்.

"ஆமா. ஆனா அதுக்குச் சிப் தயாரிச்சவங்க பொறுப்பு. 128-க்கு யார் பொறுப்பு?"

பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

என்னிடம் வேறு காரணங்கள் இல்லாமல் இல்லை. சில செல்களின் தாங்கும் நேரம் நிலையாக இருப்பதில்லை. பல நாள் ஒழுங்காக இருந்துவிட்டு ஒருநாள் திடீரென்று சுருங்கும். பக்கத்துச் செல்களில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் அதைப் பாதிக்கும். அவருடைய தாளின் ஓரத்தில் வெப்பநிலை 45 டிகிரி என்று இருந்தது. சூடு ஏற ஏறக் கசிவு கூடும். 85 டிகிரியைத் தாண்டினால் 64 என்பதே 32 ஆக வேண்டும் என்று விதி இருப்பது அதனால்தான். இதெல்லாம் தெரிந்திருந்தும் வாயில் வந்தது பொறுப்பு என்ற ஒற்றைச் சொல். அது பொறியியல் வாதமா, இல்லை பேச்சை முடிக்கும் வழியா?

வாதம்தான் என்று சில நாள் தோன்றும். விவரக்குறிப்பு என்பது ஓர் உடன்பாடு. அதைத் தாண்டினால் பிறகு எந்தப் பிழை வந்தாலும் அது எங்கள் தலையில்தான் விழும். உடனே 2014-ல் வெளியான ரோஹேமர் ஆய்வு நினைவுக்கு வரும். ஒரே ரோவைத் திரும்பத் திரும்பத் திறந்தால் பக்கத்து ரோவில் பிட்கள் புரண்டுவிடுகின்றன. சோதித்த 129 மெமரி மாட்யூல்களில் 110-ல் அப்படி நடந்தது. சிப் தயாரித்தவர்கள் பொறுப்பேற்ற 64 மில்லிசெகண்டுக்குள்ளேயே நடந்தது. ஒரு பக்கம் பார்த்தால் இது எனக்குத்தான் சாதகம், இடைவெளியை நீட்டினால் வேண்டுமென்றே இப்படிப் பிட்களைப் புரட்டித் தாக்குபவருக்கு அவகாசமும் நீளும். மறுபக்கம், 64 என்ன வேதவாக்கா என்று அவர் கேட்டதற்கும் இதைவிட நல்ல சான்று கிடையாது.

அன்று இருவருமே பேசாத ஒன்று உண்டு. இடைவெளியை இரட்டிப்பாக்கினால் மேடு பாதியாகக் குறையும், ஆனால் இடம் மாறாது. ஒவ்வொரு ரிஃப்ரெஷும் அதே 350 நானோசெகண்ட்தான். முதலில் வேறு வழியில் போய்ப் பார்த்தோம். டிடிஆர்4-ல் எட்டு ரிஃப்ரெஷ் வரை தள்ளிப் போடலாம். ஓய்வு கிடைக்கும்போது அந்தக் கடனை அடைத்தால் மற்ற நேரங்களில் வரைபடம் அழகாக இருந்தது. உச்ச நேரத்தில் ஓய்வே கிடைக்காது. கடன் எட்டில் முட்டி நின்றதும் மறுபடி 7.8-க்கு ஒன்று என்று பழைய கதைதான். கடைசியில் வழி கண்டுபிடித்தவரும் அவரே. அடிக்கடி படிக்கும் அட்டவணையை தனித்தனியாக இயங்கும் இரண்டு மெமரி சேனல்களிலும் ஒவ்வொரு பிரதி வைத்து, இரண்டின் ரிஃப்ரெஷும் ஒரே சமயத்தில் விழாதபடி தள்ளி அமைத்தார். இரண்டிடமும் கேட்டு, முதலில் வரும் பதிலை எடுத்துக்கொள்வது. மெமரி இரட்டிப்பாகச் செலவாகும், எழுதும் வேலைகளுக்கும் உதவாது. ஆனால் அந்த அட்டவணையைப் படிப்பதில் மேடு ஏறக்குறைய காணாமல் போனது.

நான் மறுத்ததால்தான் அவர் அதை யோசித்தார் என்று குழுவில் சொல்வார்கள். கேட்க எனக்கும் நன்றாகத்தான் இருக்கிறது, உறுதியாக நம்ப முடியவில்லை.

இப்போது அவரிடமிருந்து புதிய முன்மொழிவு வந்திருக்கிறது. ரிஃப்ரெஷ் கட்டளையில் எந்த ரோ என்று சொல்ல வழியில்லை, சிப்பே எண்ணிக்கொள்ளும். அதனால் பொது இடைவெளியை நீட்டிவிட்டு, பலவீனமான ரோக்களை மட்டும் மெமரியை இயக்கும் கன்ட்ரோலர் தனியாகத் திறந்து மூடிப் புதுப்பிக்கும். 85 டிகிரியில் சோதனை, ஓடும்போதே ரோக்களுக்கு மறுசோதனை, ரோஹேமருக்குத் தனிப் பகுதி என்று எல்லாம் இருக்கிறது. முதல் பக்கத்திலேயே, இந்த மாற்றத்தால் வரும் பிழைகளுக்குத் தானே பொறுப்பு என்றும் எழுதியிருக்கிறார். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, திருப்பி அனுப்பவும் இல்லை.